இரண்டு விரல் இறக்கம்

பேட்டர்ன் தாளில் கோடு ஓர் இடத்தில் இருந்தது. மிலாடா அதற்கு இரண்டு விரல் கீழே நீலச் சாக்பீஸால் இன்னொரு கோடு போட்டு, அதன் மேலேயே கத்தரிக்கோலை ஓட்டினாள். கனமான வெள்ளைக் கம்பளி மெல்ல முனகிக்கொண்டே வெட்டுப்பட்டு, பிறை மாதிரி ஒரு துண்டு சமையலறை மேசையிலிருந்து தரையில் விழுந்தது. இன்னொரு பக்கத்துக்கும் அதே மாதிரி. பிறகு காபியைச் சூடாக்கிக் குடித்தாள். தான் செய்தது சரிதானா என்ற யோசனை அவளுக்கு வரவே இல்லை.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆஸ்திரியப் பட்டாளத்து முரசுக்காரனின் கோட்டு அது. எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய கோட்டிலிருந்து வரி வரியாக நகல் எடுத்த தாள், பழைய போர்களை நடித்துக் காட்டும் ஊர்ப் படைக்குழுவில் கைமாறிக் கைமாறி இவளிடம் வந்திருந்தது. அதில் கைக்குழி, அதாவது கோட்டில் கையை வைத்துத் தைக்கிற அந்த வட்டம், ஒரு காபி சாஸர் அளவுக்குத்தான் இருந்தது. அக்குளின் உச்சியில் போய்க் குத்துகிற மாதிரி. "இவங்களுக்கெல்லாம் என்ன, கோழி ரெக்கையா இருந்துச்சு?" என்று தாளைப் பார்த்தே கேட்டாள். ஆஸ்பத்திரிப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக வளைந்த முதுகுக்கும் கோணல் இடுப்புக்கும் தாங்குபட்டை செய்கிறவள் அவள். ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே எந்தத் தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தாளில் இருக்கிறவன் யாரோ. தைத்ததைப் போட்டுக்கொள்ளப் போகிறவன் அவள் புருஷன் ராதிம். அவனுடைய வலது தோளில் ஒரு இரும்புத் தகடும் எட்டுத் திருகாணிகளும் இருக்கின்றன, அக்குள் வரைக்கும் தழும்பு. அங்கே போய்த் துணி கடித்தால் யாருக்கு ஆகும்?

போன டிசம்பரில் நடந்தது அது. வருஷா வருஷம் மூன்று பேரரசர்கள் மோதிய அந்தப் பழைய போரை, அது நடந்த அதே வயல்வெளியில் நடித்துக் காட்டுகிறார்களே, அங்கே பத்தொன்பது வருஷமாக ஊர்க்குழுவுக்கு முரசு அடிப்பவன் ராதிம். மற்ற நாட்களில் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன். உழுத சாலில் உறைந்திருந்த பனிக்கட்டியில் கால் வழுக்கி, முரசு அடியில், தான் மேலே என்று விழுந்தான். தோள் மூன்றாக உடைந்தது. கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது. ஆம்புலன்ஸில் வந்த பெண், காலரிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கோட்டை ஒரே வெட்டாக வெட்டி எடுத்தாள். எலும்புக்கு அழாத ராதிம் கோட்டுக்கு அழுதான். மிலாடா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் தச்சுத் தர்றேன்யா, இதைவிட நல்லதா" என்றாள். அப்போது கோட்டு தைப்பதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு வருஷமாகக் கைக்குப் பயிற்சி. கயிறு இழுப்பது, சுவரில் விரல்களை ஏணி மாதிரி ஏற்றுவது. ஒவ்வொரு நாளும் மிலாடா, "இன்னைக்கு நல்லா ஏறுது" என்பாள். ஏறாத நாளிலும் சொல்வாள். குழுவின் தலைவர் லுபோர், கால்நடை மருத்துவர், மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் வரிசையில் ஒருவன் தடுமாறினால் பின்னால் வருகிற நாற்பது பேரும் தடுமாறுவார்கள் என்பது அவர் கணக்கு. இந்த வருஷப் போருக்கு முந்தைய சனிக்கிழமை, உடற்பயிற்சிக் கூடத்தில், முழு உடுப்பில், ராதிம் அணிகூடும் முரசை, அதாவது சிப்பாய்களை வரிசைக்குக் கூப்பிடுகிற அடியை, அடித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் குச்சி மூக்கு மட்டத்துக்கு எழ வேண்டும், அந்தக் காலத்து விதி அது. எழாவிட்டால் முரசு லுபோரின் மருமகன் வீத்திடம் போகும். வீத்துக்குத் தாளம் கொஞ்சம் முந்தி ஓடும், ஆனால் இரண்டு கையும் வானத்தைத் தொடும்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்கும் மிலாடா தைத்தாள். வெளியே தெரிகிற இடத்தில் மெஷின் தையல் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது குழுவின் கட்டளை. நூலைத் தேன்மெழுகில் இழுத்து, ஜன்னல் வெளிச்சம் இருக்கிற நேரத்தில் மட்டும் தைத்தாள். நெஞ்சுக்கு உள்ளே குதிரைமயிர்த் துணி வைத்து ஆயிரம் சின்னத் தையல் போட்டு அதை வளைத்து நிறுத்தியபோது, யாரும் உள்ளே இல்லாமலேயே கோட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேசைமேல் உட்கார்ந்தது. மிலாடா சிரித்துவிட்டாள். அதற்கு நீலக் காலர், தோள் இரண்டிலும் முரசுக்காரர்களுக்கு மட்டும் உரிய நீலத் துணிச் சிறகு. காலர் விறைப்பாக நிற்க, தரையில் விழுந்த அந்தப் பிறைத் துண்டுகளையும் உள்ளே வைத்துத் தைத்தாள். ஒரு இழைகூட வீணாகவில்லை என்று வேலை செய்யும் இடத்தில் பீற்றிக்கொண்டாள். முதல் முறை போட்டுப் பார்த்த ராதிம், "பழைய கோட்டு அக்குள்ல கடிச்சுக்கிட்டே இருக்கும். இது போர்வை மாதிரி இருக்கு மிலா" என்றான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மதியம், கோட்டு முடிந்தது. கடைசிப் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள். ராதிம் கோட்டைப் போட்டு, பொத்தான்களை மாட்டி, இடுப்பில் வாரை இறுக்கினான். முரசுப் பட்டையை வலது தோள் வழியாகக் குறுக்கே போட்டு, முரசைத் தொடையில் சாய்த்துக்கொண்டு முன்னறையில் நின்றான். இரண்டு குச்சிகளையும் எடுத்தான். தூக்கினான்.

இடது குச்சி தாடை வரைக்கும் போயிற்று. வலது குச்சி நெஞ்சோடு நின்றுவிட்டது. காலர் எழும்பிக் காதில் முட்டியது. இன்னொரு தரம் முயன்றான், முகம் சிவக்க. நெஞ்சோடு நின்றது.

"கையைக் கொஞ்சம் சூடு பண்ணிட்டு அடி. காலையில பயிற்சி பண்ணலையே நீ," என்றாள் மிலாடா.

"பண்ணினேன்."

குச்சிகளை முரசின் மேலேயே வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி, சுருக்கம் விழாமல் நாற்காலியில் மாட்டினான். பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தான். மிலாடா வாசற்படியில் நின்று அந்த முதுகைப் பார்த்தாள். வருஷம் முழுக்க அவள் பயந்த இடம் இதுதான். கை முடிந்துவிட்டது என்று அவளும் நம்பினாள்.

மறுநாள் காலை அவன் லுபோருக்குப் போன் பண்ணினான். முன்னறையிலிருந்து பேசியது அவளுக்குக் கேட்டது.

"வீத்கிட்டயே குடுத்துடு லுபோர்... இல்லப்பா, கோவம்லாம் இல்ல. என்னால ஆகல... சனிக்கிழமை வரைக்கும் யோசிச்சு என்ன பண்ண? சரி. சரி, வர்றேன், முரசைக் குடுக்கவாவது வரணும்ல."

போனை வைத்துவிட்டு சமையலறைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, பிளம் ஜாம் வைத்த பன் செய்வது அவன் பங்கு. அலமாரிக்கு மேலே இருக்கும் மாவு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான், சல்லடையைத் தேடினான். மிலாடா காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அந்த டப்பா அலமாரிக்கு மேலே, கூரைக்கு ஒரு சாண் கீழே இருப்பது. இவன் எந்தக் கையால் எடுத்தான்?

"ராதிம். அந்த டப்பாவை திரும்ப மேல வை."

"இப்பத்தானே எடுத்தேன்?"

"வையேன்."

பழைய ஸ்வெட்டரில் இருந்தான். வலது கையால் டப்பாவைத் தூக்கி, கொஞ்சம் முக்கி, மேலே வைத்தான். குச்சி போக வேண்டிய மூக்கு மட்டத்தைத் தாண்டி, நெற்றியையும் தாண்டிப் போயிற்று கை. அவனுக்கு அது தெரியவே இல்லை. மாவு எடுக்கிறவன் மாவைத்தானே பார்ப்பான்.

மிலாடா கோப்பையைக் கீழே வைத்தாள். முன்னறைக்குப் போய் நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டைக் கையில் எடுத்தாள். கைக்குழியைப் பார்த்தாள். அவள் வெட்டிய கைக்குழி, இரண்டு விரல் இறக்கி, தாராளமாக, சுகமாக. கோட்டை மேசையில் விரித்து, பொத்தான் மாட்டி, இடுப்புப் பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதன் கையைத் தூக்கினாள். வராது. அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் துணி முழுக்க அந்தக் கையோடு சேர்ந்து இழுபட்டது. இடுப்பில் வாரும், வலது தோளில் முரசுப் பட்டையும் கட்டினால் கோட்டு எங்கே மேலே வரும்? கட்டிப் போட்ட மாடு மாதிரி அங்கேயே நிற்கும், கையும் அதோடு நிற்கும். கைக்குழி சின்னதாக, அக்குளின் உச்சியில் இருந்தால், கை மட்டும் அதற்குள் திரும்பும், கோட்டுக்கு அது தெரியவே தெரியாது. கோழி ரெக்கைக்காரர்கள் அதைத் தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்கள்.

"உன் கை நல்லா இருக்கு," என்றாள். "கோட்டுதான் கெட்டது. நான் கெடுத்தேன்."

ராதிம் மாவைச் சலித்துக்கொண்டே, "சரி," என்றான்.

"சரி இல்ல, கேளு. நான் கைக்குழியை இறக்கி வெட்டிட்டேன்."

"மிலா, விடு. ஒரு வருஷமா தினம் நல்லா ஏறுது, நல்லா ஏறுதுன்னு சொன்னே. நானும் ஆமா ஆமான்னேன். ஆஸ்பத்திரியில வர்றவங்களுக்கும் இப்படித்தானே சொல்றே. போதும்மா."

அவன் சொன்னது உண்மை. ஒரு வருஷமாக அன்பில் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து, இன்றைக்கு ஒரே ஒரு நிஜத்தைச் செல்லாக்காசாக்கிவிட்டன. அவளுக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் தன்மேல். நேரே கதவைத் திறந்து, எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

எதிர்வீட்டு ஹினெக் வெள்ளையடிக்கிறவன். நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டே கூரை கூரையாகப் பிழைக்கிறவன். ஒல்லி. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து அப்படியே வந்தான். மிலாடா அவனுக்குக் கோட்டை மாட்டி, வாரை இறுக்கி, பட்டையைக் குறுக்கே போட்டாள்.

"வலது கையைத் தூக்கு."

ஹினெக் தூக்கினான். நெஞ்சோடு நின்றது. அவன் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அக்கா, இது கோட்டா விலங்கா? இதைப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போனா ஆஸ்திரியா எப்படி ஜெயிக்கும்?"

"அன்னைக்கு அவங்க தோத்துத்தான் போனாங்க," என்றான் ராதிம். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஹினெக்கின் முழங்கையைப் பிடித்துத் தானே தூக்கிப் பார்த்தான். வரவில்லை. "நீ வேணும்னே இறுக்கிக்கிறே."

"ஏண்ணே, நான் பள்ளிக்கூடத்து நாடகத்துல மரமா நின்னேன், அதையே ஒழுங்கா செய்யலன்னு வாத்தியார் திட்டினாரு. எனக்கு நடிக்கத் தெரியுமா?"

ஹினெக்கிடமிருந்து கோட்டைக் கழற்றி மேசையில் போட்டு, பன் ஆனதும் கொடுத்தனுப்புவதாகச் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள் மிலாடா. ராதிம் முன்னறை நடுவில் நின்றுகொண்டு இருந்தான். கையில் மாவு.

"தாள்ல எப்படி இருந்துச்சு?" என்றான்.

"சின்னதா. பழைய கோட்டுல இருந்த மாதிரியே."

"அப்புறம் ஏன் இறக்கி வெட்டினே?"

"தழும்புல கடிக்கும்னு."

"எனக்குப் பாவம் பாத்தியா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

 "விழுந்ததிலேருந்து," என்றாள் மிலாடா.

ராதிமின் முகம் கடுகடுத்தது. போன வருஷத்துக்குப் பிறகு அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. சோகமாக இருப்பான், சாதுவாக இருப்பான், சொன்ன பேச்சைக் கேட்பான், அவ்வளவுதான். இப்போது மேசைக்குப் போய், கோட்டைக் கையில் எடுத்து, கைக்குழிக்குள் முஷ்டியை விட்டு ஆட்டினான்.

"பத்தொன்பது வருஷம் அது என்னைக் கடிச்சுது. ஒவ்வொரு டிசம்பரும் அக்குள்ல தோல் உரிஞ்சு வீட்டுக்கு வருவேன். நான் ஒரு தடவை உன்கிட்ட சொல்லியிருப்பேனா? கடிக்கட்டும். தாள்ல இருக்கற மாதிரி தச்சுக் குடு. அப்புறம் கை ஏறலன்னா, ஏறலன்னு நானே சொல்லிக்கிறேன். அதை நீ சொல்ல வேண்டாம்."

"துணி இல்லயே," என்றாள் மிலாடா. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அதன் கனம் அவளுக்கே புரிந்தது. அந்த வெள்ளைக் கம்பளி குழுவுக்கென்று ஒரே தடவை நெய்து வாங்கியது. இனி ஒரு முழம்கூட எங்கும் கிடையாது. வெட்டிய பிறைகளோ காலருக்குள் ஆயிரம் தையலில் உட்கார்ந்திருந்தன.

"பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ராதிம் பன்னுக்கு மாவு பிசையப் போனான். அவன் மாவை மேசையில் அறைகிற சத்தம் கேட்டது. வலது கையும் அறைந்தது.

மிலாடா துணிப் பையைக் கவிழ்த்தாள். விரல் அகலத் துணுக்குகள், முக்கோணங்கள், கோட்டின் வாலை வெட்டியதில் மிஞ்சிய நீளத் துண்டு ஒன்று. அளந்து பார்த்தாள். உடம்புக்கு இரண்டு, கைக்கு இரண்டு, ஆக நான்கு பிறைகள் வேண்டும். அந்த ஒரு துண்டில் நான்கும் வரும், ஆனால் தையலுக்கு மடிக்க ஒரு நூலளவுகூட மிச்சம் இருக்காது. அங்கேதான் இருபத்தாறு வருஷத்துக் கை யோசித்தது. இந்தக் கம்பளியை வெந்நீரில் போட்டு மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். வெட்டிய விளிம்பு பிரியாது. மடிக்கவே வேண்டாம். விளிம்போடு விளிம்பை முட்ட வைத்து, துணியின் பாதிக் கனத்தில் ஊசியை நுழைத்து எடுத்தால் போதும், மேலே தையலே தெரியாது. சதையைச் சேர்த்துத் தைக்கிற மாதிரிதான். அதை அவள் எத்தனை தழும்பில் பார்த்திருக்கிறாள்.

ராதிம் லுபோரை மறுபடி கூப்பிட்டு, சனிக்கிழமை தானே அடித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டான். மிலாடா திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஆஸ்பத்திரியில் மதியத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதலில் தான் தைத்ததைத் தானே பிரித்தாள். பிரிக்கும்போது மனசு வலித்தது, நல்ல தையல் அது. ஒரு பிறையில் ஊசி ஆழமாகப் போய் முகப்பில் புள்ளியாகத் தெரிந்தது. பிரித்து மறுபடி தைத்தாள். இந்த முறை ராதிமைக் கூப்பிட்டு நிற்க வைத்தபோது, "வலிக்குதா?" என்று கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது. துணியை அக்குளின் உச்சிக்கு ஏற்றி, குத்துகிற இடத்தில் குண்டூசியைச் செருகினாள். ராதிம் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்து," என்றான். ஏற்றினாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தன் புருஷன்மேல் வந்த மரியாதை, கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளில்கூட வந்ததில்லை.

சனிக்கிழமை உடற்பயிற்சிக் கூடத்தில் மெழுகு மணம். ஏணிச் சட்டங்கள் பதித்த சுவரோரம் நாற்பது பேர் உடுப்பில் நின்றார்கள், சிலர் இன்னும் வாய்க்குள் சாண்ட்விச்சோடு. ஒருவருக்கொருவர் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியால் கோட்டின் அழுக்கை மறைத்துக்கொண்டிருந்தார்கள். வீத் தன் குச்சிகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்தில், யாரையும் பார்க்காமல் நின்றான். லுபோர், பசுமாட்டைச் சுற்றி வருகிற மாதிரி ராதிமைச் சுற்றி வந்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குள் பக்கம் குனிந்தார்.

"ஒட்டு போட்டிருக்கீங்க போலிருக்கே, மிலாடா."

"ஆமா. நான் தப்பா வெட்டினது."

இப்படி யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தால் ஒன்றும் இடிந்துவிடவில்லை. லுபோர் விரலால் ஒட்டைத் தடவினார். "தடவினாக்கூடத் தெரியல. கண்ணுக்குத்தான் கொஞ்சம் தெரியுது," என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போனார். "ராதிம், கடிக்குதாடா?"

"நல்லா கடிக்குது."

"அப்ப சரி. அணிகூடும் முரசு. நீ தயாரானதும்."

கூடம் அடங்கியது. ராதிம் முரசைத் தொடையில் சாய்த்து, காலை அகட்டி, குச்சிகளைப் பிடித்தான். தழும்பு இருக்கிற பக்கம் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மிலாடா ஏணிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கையைப் பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை அவனுடையது. தன்னுடையது கோட்டு மட்டும்தான். அதனால் கோட்டின் வாலைப் பார்த்தாள். கோட்டு கையோடு இழுபட்டால் முதலில் ஏறுவது முழங்காலுக்குப் பின்னால் தொங்கும் அந்த இரண்டு வெள்ளை நுனிகள்தான்.

குச்சிகள் எழும் நேரம் வந்தது, போயிற்று. வால் அசையவில்லை. இரண்டு நுனிகளும் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி அப்படியே நின்றன. அவளால் பொறுக்க முடியவில்லை, நிமிர்ந்து பார்த்தாள்.

இடது குச்சி மூக்கு மட்டத்தில் நின்றது. வலது குச்சி அதற்கு ஒரு விரல் கீழே நின்றது. அந்த ஒரு விரல் குறைச்சல் கோட்டால் வந்தது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். லுபோர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராதிம் யாரையும் பார்க்கவில்லை. அவன் முகத்தில், பத்தொன்பது டிசம்பர்களாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த அந்த அக்குள் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. வலது குச்சி மெல்ல இன்னும் அரை விரல் ஏறி, அங்கே நின்று, இறங்கியது. முதல் அடி விழுந்தது. லுபோர் நிறுத்தச் சொல்லவில்லை. தோளின் நீலச் சிறகிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் கிளம்பி ஜன்னல் வெயிலில் எழும்பியது. அது படியுமுன் அடுத்த அடி விழுந்தது.